தலை அலசும் தொட்டி

ராஜாவுக்குத் தூக்கம் கெட்டால் ஊரில் எவனாவது ஒருவனுக்குத் தலை போகும் என்றிருந்த காலம். செம்பாறை நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் நாட்டுக்கும் பக்கத்துக் கரும்பாறை நாட்டுக்கும் நடுவே ஒரே மலை. மலை முழுக்கப் பொன். இந்தப் பக்கம் வெட்டினால் ராஜாவுக்கு. அந்தப் பக்கம் வெட்டினால் கரும்பாறைச் சபைக்கு. அங்கே ராஜா கிடையாது. ஊரார் பானையில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த சபையார்தான் ஆட்சி.

ஆனால் ஒரு வழக்கம் இரண்டு நாட்டுக்கும் பொது. சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறவன் வாசல் தொட்டியில் தலையை அலசி, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தலைமயிரில் ஒட்டிய பொன்தூள்கூட வெளியே போய்விடக் கூடாதாம். தொட்டியின் வண்டலை அரித்து எடுத்துக்கொள்வார்கள்.

வச்சிரபாகுவின் மந்திரி வேம்பனார். ஒரு காலத்தில் சுரங்க ஆட்களைத் திரட்டி, வேலையை நிறுத்தி, சிறைக்குப் போனவர். அவர் சிறையில் இருந்தால் ஊர் கத்துகிறது என்று ராஜா அவரை மந்திரியாக்கிவிட்டான். அன்றிலிருந்து வேம்பனார் யாரையும் நம்பியதில்லை. ராஜா மாம்பழம் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பார். "சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், "யார் கேட்கச் சொன்னது?" என்பார்.

ஒரு நாள் அரண்மனைக் களஞ்சியத்தில் பொன்தூள் குறைந்தது. களஞ்சியத் தலைவர் அனந்தகோடி, ஒண்டிமுத்து என்ற சுரங்கத் தொழிலாளியைக் கட்டி இழுத்துவந்து ராஜாவின் முன் நிறுத்தினார். வேம்பனாரின் நாற்காலி மேல் அவருக்கு வெகு நாளாகக் கண்.

"இவன்தான் திருடன், மகாராஜா. மந்திரியாரின் பழைய கூட்டாளி! கையை வெட்டினால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும்."

"சாட்சி?" என்றார் வேம்பனார்.

"இவன் முகமே சாட்சி!"

"சாமி, தலையை அலசத்தான் உத்தரவு," என்றான் ஒண்டிமுத்து. "முகத்தையும் அலசணும்னு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே!"

எல்லை பேச வந்து அங்கே உட்கார்ந்திருந்த தூதர் பெருஞ்சாத்தன், கரும்பாறைச் சபையாரில் ஒருவர், மெல்லச் சிரித்தார். "எங்கள் நாட்டில் இப்படி நடக்காது. ராஜா இருக்கும் இடத்தில்தான் திருட்டு இருக்கும்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. திருட்டை மறந்தான். "வேம்பனாரே! என் ஆட்சி மேலா, அவர்கள் ஆட்சி மேலா? இப்போதே, இங்கேயே நிரூபியும். என் மனத்துக்குச் சரியாகப் படவில்லையென்றால் ஒண்டிமுத்துவின் கையோடு உம்முடைய கையும் போகும்!"

அனந்தகோடி மீசைக்குள் சிரித்தார். வேம்பனார் யோசித்தார். இங்கே மேல் என்றால் பொய். அங்கே மேல் என்றால் துரோகம். அங்கேதான் மேல் என்று சிறையில் அவரே நம்பிய காலம் உண்டு. இப்போது தூதரின் தலையைப் பார்த்தார். அனந்தகோடியின் குடுமியைப் பார்த்தார். இரண்டிலும் எண்ணெய் வழிந்தது. நாட்டில் விளக்கெரிக்க எண்ணெய் இல்லை, இந்த இரண்டு தலைக்கு மட்டும் எதற்கு இவ்வளவு?

"தூதரே, உங்களைத் தேர்ந்தெடுத்தது யார்?"

"ஊரார். பானையில் ஓலை போட்டு."

"ஓலையில் பேர் எழுதுவது?"

"அது... சபையார்தான்."

"அனந்தகோடியாரே, நம் ராஜாவைத் தேர்ந்தெடுத்தது?"

"ஆண்டவன்!"

"உமக்கு யார் சொன்னது?"

"மகாராஜாவே சொன்னார்."

ராஜா தொண்டையைச் செருமினான். வேம்பனார், இரண்டு நாட்டுப் பொன்தூளையும் இரண்டு தட்டில் கொண்டுவரச் சொன்னார். "பொன் எப்படியோ, ஆட்சியும் அப்படி. இருவரும் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லுங்கள்."

அனந்தகோடி தட்டில் கையை விட்டு அளைந்தார். "ஆகா, நம்முடையதுதான் மாற்றுக் குறையாதது!" என்றார். சொன்ன வாயோடு, அந்தக் கை தானாக மேலே போய்க் குடுமியை ஒரு தடவு தடவியது. பெருஞ்சாத்தனும் அளைந்தார். "எங்களுடையதன் மினுக்கே தனி!" அவர் கையும் தலைக்குப் போனது.

"ஒண்டிமுத்து, நீயும் தொட்டுப் பார்."

அவன் கட்டை அவிழ்த்தார்கள். ஒண்டிமுத்து ஒரு விரலால் தொட்டான். உடனே இரண்டு கையையும் விரித்துக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.



"சுரங்க வாசல் தொட்டியைத் தூக்கி வாருங்கள்," என்றார் வேம்பனார்.

ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர் மாற்றி, மூன்று தலைகளையும் அலசினார்கள். ஒண்டிமுத்துவின் தலையிலிருந்து சேறு வந்தது. மற்ற இரண்டு தலைகளின் தண்ணீரும் ஒரே மாதிரி மின்னியது. ஒரே ஒரு தடவு தடவி அவ்வளவு தூள் சேராது என்பது ராஜாவுக்கே தெரிந்தது.

அனந்தகோடி ராஜாவின் காலில் விழுந்தார். பெருஞ்சாத்தன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, எங்கள் ஊர்க்காரர்கள் காதுக்கு மட்டும் இது போக வேண்டாம்!"

"போகும்," என்றார் வேம்பனார். "பார்த்தீர்களா, மகாராஜா? இங்கே பரம்பரையாகத் திருடுகிறார்கள், அங்கே முறை வைத்துத் திருடுகிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவருக்கு ஊராரிடம் பயம் இருக்கிறது. இவருக்கு உங்களிடம் மட்டும்தான் பயம்."

ராஜாவின் முகம் கறுத்தது. வெட்டச் சொல்லப் போகிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவன் தொட்டியைப் பார்த்தான், அனந்தகோடியின் ஈரக் குடுமியைப் பார்த்தான், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டான். ஒண்டிமுத்துவை விடுவித்தான். அனந்தகோடியைச் சுரங்கத்தில் கூடை தூக்க அனுப்பினான். தன் மோதிரத்தைக் கழற்றி வேம்பனாரிடம் நீட்டினான்.

வேம்பனார் அதை வாங்கவில்லை. "இந்தத் தொட்டி இனிமேல் களஞ்சிய வாசலில் இருக்கட்டும். யார் வெளியே வந்தாலும் அலச வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்."

"யார் வந்தாலும், மகாராஜா."

"சொன்னேனே!"

மறுநாள் காலை, மிச்சம் இருக்கும் தூளைப் பார்க்க ராஜாவே களஞ்சியத்துக்குள் போய்த் திரும்பினான். வாசலில் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் வேம்பனார், சுற்றிலும் வேடிக்கை பார்க்க வந்த ஊர்.

"என் தலையுமா?"

"மகுடத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்."

ராஜா சிரித்துக்கொண்டே குனிந்தான். ஊரே கைதட்டி, ராஜா வாழ்க என்று கத்திவிட்டுக் கலைந்தது. வேம்பனார் மட்டும் மகுடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கலங்கிய தண்ணீர் தெளியும் வரை அங்கேயே நின்றார்.