வெள்ளத்தாயி கழுவின மொந்தை

ஒரு ஊர்ல ஒரு வெள்ளத்தாயி இருந்தா. அவ புருஷன் சங்கிலி, கிணறு வெட்டுறவன். வேலையில புலி, ஆனா தண்ணி குடிக்கத்தான் தெரியாது. சொம்பைக் கண்டா வாயை வெச்சு உர்ர்ருனு உறிஞ்சிருவான். "எச்சி பண்ணாதய்யா, அண்ணாந்து குடி"ன்னு கல்யாணமான நாள்லேருந்து அவளும் சொல்றா. கேட்டாத்தானே. நீ ம் கொட்டுறியா? ம்.

அப்போ ஒரு கோடையில சங்கிலி ணங்கு ணங்குனு ஏழு பனை ஆழம் வெட்டிட்டான். பாறை விட்டுப்போச்சு. தொபுக்கடீர்னு பாதாளத்துல விழுந்தான். அங்க பனைமரமெல்லாம் தலைகீழாத் தொங்கும், வேரு மேல, ஓலை கீழ. அதுலேருந்து சொட்டு சொட்டுனு வடியும் பாரு, அதான் பாதாளப் பதனி. ஒரு வாய் குடிச்சா ஆயுசுக்கும் தாகமே எடுக்காதாம். ஆனா எச்சி பட்டா வந்துது வினை. அப்புறம் அந்த ஆளு மேல வரவே முடியாது. சங்கிலி யோசிப்பானா? அங்க இருந்த மண் மொந்தையில வாயை வெச்சு உர்ர்ருனு உறிஞ்சுட்டான்.

"குழிக்குள்ள சத்தமே இல்ல"ன்னு சேதி வந்தப்போ வெள்ளத்தாயி கஞ்சிப் பானை தேச்சுக்கிட்டு இருந்தா. கையில இருந்த தேங்கா நாரையும் புளிச்சக்கையையும் மடியில சொருகிக்கிட்டு, கயித்தைப் புடிச்சு சரசரன்னு இறங்கிட்டா.

கீழ பாதாளத்து ராணி வேரம்மா உக்காந்திருந்தா. பக்கத்துல வரிசையா மொந்தை, ஒவ்வொண்ணுலயும் ஒரு உதட்டுத் தடம். உதட்டுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் பேச்சில்லாம நின்னாங்க. அதுல சங்கிலியும் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னான்.

"விருந்தாளி மூணு தரம் குடிச்சாத்தான் பேச்சு. குடி"ன்னு மொந்தையை நீட்டினா வேரம்மா.

வெள்ளத்தாயி ஒரு சாண் உசரத் தூக்கி அண்ணாந்தா. மடக் மடக். உதடு படவே இல்ல.

அப்புறம் பெரிய குடத்தை நீட்டினா. "என்னால தூக்க முடியாது, நீயே ஊத்து ஆத்தா"ன்னு ரெண்டு கையையும் குவிச்சு ஏந்திக் குடிச்சா. கடகடகட. குடத்துலயும் எச்சி இல்ல.

அப்புறம் பதனி ஊறுற பாறைக்குழியைக் காட்டி, "குனிஞ்சு குடி"ன்னா. இவ முந்தானையை நனைச்சா, தலைக்கு மேல தூக்கிப் பிழிஞ்சா. சர்ர்ர். வேரம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு.

"இப்போ பேசலாமா? என் புருஷனை அனுப்பு."

"அவன் எச்சி என் மொந்தையில இருக்கு. அது இருக்குற வரைக்கும் அவன் என் ஆளு."

"அவ்வளவுதானா? மொந்தையைக் கொண்டா."

பாதாளத்துல பாத்திரம் கழுவுறதுன்னா என்னன்னே யாருக்கும் தெரியாதே. இவ மடியிலேருந்து நாரை எடுத்தா, புளியை வெச்சு கரகரன்னு தேச்சா, பதனியாலயே அலசினா. தடம் போயிருச்சு. சங்கிலி கண்ணைக் கசக்கிக்கிட்டு, "கஞ்சி ஆறிருச்சா, தாயி?"ன்னான். அவளுக்கு அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது.

புருஷனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினவ, திரும்பி அந்த வரிசையைப் பாத்தா. "எத்தனை வீட்டுல கஞ்சி ஆறிக் கிடக்கோ"ன்னு சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. ஒவ்வொரு மொந்தையாக் கழுவக் கழுவ, ஒவ்வொருத்தராக் கயித்தைப் புடிச்சு ஏறினாங்க. தூங்கிட்டியா? ம்.

கடைசியா பழைய கறுத்த மொந்தை ஒண்ணு மிச்சம். "இது யாரோடது?"ன்னு கேட்டா. வேரம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"என்னோடதுதான். நானும் எப்பவோ தாகத்துல வந்தவ."

வெள்ளத்தாயி அந்த மொந்தையை மடியில வெச்சா. அதைத்தான் எல்லாத்தையும் விட அழுத்தித் தேச்சா.

இப்போ பாதாளத்துல ஆளே இல்ல. பதனி மட்டும் சொட்டிச் சொட்டிக் கிணறு நெறஞ்சு நிக்குது. சங்கிலியும் கஞ்சியைக்கூட அண்ணாந்துதான் குடிக்கிறான், பாதி மூக்குல போகுது. உன் சொம்பு தலைமாட்டுல இருக்கு. கிணறு நெறஞ்சுது, கதை வடிஞ்சுது, கண்ணை மூடு.