படைக்கும் முன் ஒரு கரண்டி

“அம்மா, அடியேனை விட்டுடுங்கோ. இந்த உடம்பு இனிமே இளைக்காது.”

சௌரிராஜன் வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். உள்ளே வந்து சொல்ல மூச்சு மிச்சமில்லை. பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் முப்பத்தொரு வருஷமாகத் தளிகை பண்ணுகிறவர், பெருமாளுக்கான சமையல்காரர். எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. அன்று அவர் முறை இல்லை என்பதால் வந்திருந்தார்.

குமுதவல்லி அம்மா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் இருக்கும் இடத்துக்கு ஆசிரமம் என்று பெயர்தான். இரண்டு அறை, ஓர் அடுப்பு. யார் என்ன கேலி பேசினாலும் சரி, சௌரிராஜனுக்கு அவர்தான் குரு.

“என்ன ஆச்சு, ஸ்வாமி?”

“ஆபரேஷனெல்லாம் வேண்டாம், சாப்பாட்டைக் குறைச்சு நடந்தாலே போதும்னார் டாக்டர். மூணு தடவை குறைச்சேன். ஆடியில எட்டு கிலோ இறங்கித்து. மார்கழியில பதினொண்ணு ஏறித்து. முட்டி ரெண்டும் போச்சு. அண்டாவை இறக்க முடியலை. கைங்கரியத்தை விட்டுடறேன்னு நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்.”

மடைப்பள்ளியை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

“எப்போ சாப்பிடறீங்க?”

“உச்சிக்காலம் ஆகி நடை சாத்தினப்புறம். எல்லாரும் போயிடுவா. மிச்சப் பிரசாதமும் அடியேனும்தான்.”

“பசியா?”

சௌரிராஜன் மெல்ல உள்ளே வந்து நின்று யோசித்தார்.

“பசி ரெண்டு கவளத்துலயே போயிடும். அப்புறம்... ‘தேர் வருது, வழி விடு’ன்னு யாராவது காலையில என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பா. அதை நெனச்சிண்டே சாப்பிடுவேன். சாப்பிட்டுட்டு, அவா சொன்னது சரிதானேன்னு இன்னும் கொஞ்சம் சாப்பிடுவேன். நாக்கை அடக்கத் தெரியாத ஜென்மம்.”

அம்மா அடுப்பிலிருந்து அக்காரவடிசலை இறக்கினார். மேலே நெய் மிதந்தது. அக்காரவடிசல் என்றால் சௌரிராஜனுக்கு உயிர்.

ஒரு கரண்டி எடுத்து நீட்டினார்.

“இனிப்பு போதுமா, பாருங்க.”

சௌரிராஜன் நாலடி பின்னால் போனார். நடக்கவே திணறுகிற மனிதர், எப்படித்தான் போனாரோ.

“அம்மா! பெருமாளுக்கு இன்னும் படைக்கலையே, கண்டருளப் பண்ணலையே!”

“ஒரு வாய்தானே. யார் பார்க்கிறாங்க?”

“யார் பார்க்கணும்?”

குருவிடம் பேசுகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

“முப்பத்தொரு வருஷம், அம்மா! படைக்கறதுக்கு முன்னாடி ஒரு பருக்கை என் நாக்குல பட்டதில்லை. வாசனைகூடப் போகக் கூடாதுன்னு மூக்கையும் வாயையும் துணியால கட்டிண்டு தளிகை பண்றவன் நான். உப்பு என் கைக்குத் தெரியும். பாகு என் காதுக்குத் தெரியும். கொதிக்கிற சத்தமே சொல்லும், வெல்லம் போதுமா போதாதான்னு. ஏகாதசிப் பட்டினியில அண்டா அண்டாவா முன்னாடி வெச்சிண்டு நின்னிருக்கேன்!”

“ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே.”

“கஷ்டமா? என்ன கஷ்டம்? தொடணும்னே தோணாதே.”

“ஏன்?”

“ஏன்னா, நான் அந்த மாதிரி ஆள் இல்லை!”

சொன்னவர் அப்படியே நின்றார். தன் குரலையே முதல்தடவை கேட்டவர்போல இருந்தது முகம்.

அம்மா பாத்திரத்தைப் பெருமாள் படத்தின் முன்னால் வைத்துத் துளசி சாத்தினார். கண்மூடிச் சேவித்தார். பிறகு இரண்டு இலைகளை எதிரெதிரே போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

சௌரிராஜன் மெல்ல உட்கார்ந்தார். சாப்பிடும்போது எதிரே இன்னோர் இலையைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. கண் கலங்கிவிட்டது.

“எவ்வளவு போடட்டும், ஸ்வாமி?”

முதுகு தானாக நிமிர்ந்தது. மடைப்பள்ளியில் கொதிக்கும் அண்டா முன்னால் அவர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிமிர்வு தெரியும்.

“நீங்க போடுங்கோம்மா. நிறுத்தற இடம் எனக்குத் தெரியும்.”