இரண்டு மடங்கு வேகம்

சடையப்ப சாமிக்குக் கோபம் வந்தால் மடத்துப் பூனைகூட இடத்தைக் காலி செய்துவிடும். அன்றைக்கு அவரை முந்திக்கொண்டு கோபத்தோடு வந்தவர் சீடர் மாசிலாமணி.

மாசிலாமணிக்குத் தென்காசியில் பிவிசி குழாய் மொத்த வியாபாரம். சாமியைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் சாமி கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார். கடை, குடோன், லாரி என்று ஏகப்பட்ட வாட்ஸப் குழுக்கள் அவர் போனில் உண்டு. யார் குரல் பதிவு அனுப்பினாலும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார். மனுஷர்கள் மெதுவாகப் பேசுவதே தன் நேரத்தைத் திருடத்தான் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

"சாமி, கூடப்பொறந்தவளே மதிக்கலன்னா அந்த உறவ வச்சிருக்கணுமா, அறுத்துரலாமா?"

"யாரு, அமுதவல்லியா?"

"அவளேதான். நாளைக்கு அவ மகளுக்குக் காதுகுத்து. நான் போகப்போறதில்ல."

அமுதவல்லி அவருடைய ஒரே தங்கை. கல்யாணமாகி வெகுகாலம் ஏங்கிக் கிடந்து பெற்ற பிள்ளை அது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒரே மாமன். அந்த மாமன்தான் இங்கே வந்து கொதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"வரவே வேண்டாம்னுட்டா. சீரும் வேண்டாமாம். படபடன்னு பொரிஞ்சு தள்ளிட்டா சாமி. என்ன திமிரு!"

"நேர்லயா?"

"வாய்ஸ் மெசேஜ்ல."

"ஏன், கூப்பிட்டுப் பேசமாட்டாளோ?"

"கூப்பிட்டா. கடையில கூட்டம். வாய்ஸ் போடுன்னு நாந்தான் எழுதிவிட்டேன்."

சாமியின் புருவம் ஏறியது. "தேதி குறிச்சப்போ?"

"அப்பவும் கூப்பிட்டா. எடுக்க முடியல. தேதிய எழுதி அனுப்பினா. கட்டைவிரல் போட்டுவிட்டேன்."

"மருமகளுக்குக் காதுகுத்துன்னு சொன்னவளுக்குக் கட்டைவிரலு."

"சரின்னு அர்த்தம் சாமி. ஊரே அதத்தான் போடுது."

"சரி. அவ வரவேண்டாம்னதுக்கு என்ன சொன்னீரு?"

"கேட்டு முடிச்ச கையோட எழுதிட்டேன். 'வேற அண்ணனத் தேடிக்கோ'ன்னு. பாத்துட்டா. நீல டிக் விழுந்துட்டு. பதில் இல்ல."

தட்டும்போது அந்த வரி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது வாய்விட்டுச் சொன்னபோது அவ்வளவு நன்றாக இல்லை. அதை மறைக்கக் குரலை இன்னும் உயர்த்தினார்.

"நீங்களே கேளுங்க சாமி. யாரு மேல தப்புன்னு சொல்லுங்க."

"போடும்."

போட்டார். மூச்சு விடாமல் ஒரு குரல் ஓடியது. வரவேண்டாம், நான் பாத்துக்கிடுதேன், சீரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் என்று சொல்லுக்குச் சொல் வெட்டிக்கொண்டு போனது. பேச்சு முடிந்ததுமே மாசிலாமணி நிறுத்திவிட்டார்.

"கேட்டீங்கல்லா?"

"யாரு இது?"

"அமுதாதான் சாமி."

"போன பங்குனியில இங்க வந்து, ஒரு செம்புத் தண்ணி கேக்கவே அவ்வளவு தயங்குனாளே, அந்தப் பிள்ளையா?"

"அவதான். ரெண்டு மடங்குல ஓடுதுல்லா, அதான் அப்படிக் கேக்குது. நான் எல்லாரையும் அப்படித்தான் கேப்பேன்."

சாமி குனிந்து போனைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவ பேசினபடி போடும்" என்றார் சாமி.

"நேரமாகும் சாமி."

"ஆகட்டும்."

மாசிலாமணி வேகத்தைக் குறைத்தார். முதலில் மின்விசிறி சத்தம்தான் வந்தது. "அண்ணே..." என்று ஆரம்பித்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நீ வரவேண்டாம்ண்ணே. ஒனக்கு ஆயிரம் சோலி இருக்கும்." கொஞ்ச நேரம் விசிறி மட்டும். "நான் பாத்துக்கிடுதேன். சீரும் வேண்டாம்... ஒண்ணும் வேண்டாம்." அங்கே குரல் உடைந்தது. இருமுவதுபோல் சமாளித்தாள். "வேற யாரு மடியிலயாவது உக்கார வச்சுக்கிடுதேன்."

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் அவள் பதிவை நிறுத்தவில்லை. அழுகையை அடக்குவது கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்த மாதிரி, வெகுநேரம் சும்மா இருந்தாள். பிறகுதான் நிறுத்தினாள்.

மாசிலாமணிக்கு முகம் வியர்த்தது. தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு வார்த்தகூட மாறல சாமி. முன்ன கேட்ட அதே வார்த்ததான்."

சாமி எழுந்துவிட்டார்.

"மாறலவே. அவ பேசினதுல பாதி நேரத்த மிச்சம் புடிச்சீருல்லா?"

"ஆமா சாமி."

"அந்த மிச்சத்த வச்சு என்ன செஞ்சீரு?"

மாசிலாமணி போனைப் பார்த்தார். 'வேற அண்ணனத் தேடிக்கோ' என்ற வரி அதில் அப்படியே இருந்தது.