மகள் நம்புகிற அழுகை

‘ஐயய்யோ’ அம்பலவாணன் என்றால் தெரியாதவர் உண்டா? கதாநாயகன் யார் என்று கேட்காமலே ஜனங்களை டிக்கெட் வாங்க வைத்த மனுஷன். அவர் அழுதால் போதும். மூச்சை உள்ளே இழுத்து, ஒரு விக்கல் விக்கி, ‘ஐயய்யோ’ என்று நீட்டுவார். அந்தக் கடைசி ‘யோ’ பாதியில் உடைந்து கீச்சென்று போகும். அவ்வளவுதான், சிரிப்பில் தியேட்டர் கூரை பிய்த்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் குழந்தைகள்கூட அதைச் செய்துகாட்டி மிட்டாய் வாங்கும்.

அந்த ஆள்தான் ஒரு மத்தியானம் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து, தன் மகன் வயதுச் சாமியார் ஒருவர் காலில் விழுந்தார். சாமி சினிமாவே பார்க்காதவர். அதைக் கேள்விப்பட்டுத்தான் இவர் தேடி வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காவல்காரன் இவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருந்தான்.

"என்ன வேணும்?" என்றார் சாமி.

"அழக் கத்துக்குடுங்க சாமி."

"அதைக் கத்துக்கணுமா?"

"என் சம்சாரம் போயிட்டா சாமி. பாடை தூக்குற நேரம் நெஞ்சு வெடிச்சிருச்சு. அழுதேன். வேற எது வரும்? நான் பிழைப்பு நடத்துன அழுகைதான் வந்துச்சு. சிரிச்சுட்டாங்க."

"யாரு?"

"முதல்ல சாமியானா கம்பத்தோரம் நின்ன ஒருத்தன். அடக்கத்தான் பார்த்தான், மூக்கு வழியா வந்திருச்சு. அப்புறம் நாற்காலிப் பக்கம். அப்புறம் பொம்பளைங்க நடுவுல ரெண்டு பேர். பாடை தூக்கினவன் தோள் குலுங்குச்சு. அது அழுகை இல்ல சாமி."

"எல்லாத்தையும் பார்த்திருக்கீங்க."

"தொழில் பழக்கம். சிரிப்பு எந்த மூலையில கிளம்புதுன்னு காது தானா போயிடும்."

சாமி தலையாட்டினார்.

"என் பொண்ணு பூங்கோதை என் கிட்ட வந்தா. ‘அம்மாகிட்டயுமாப்பா?’ன்னு கேட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நடிச்சேன்னு நினைச்சுட்டா. சத்தியமா நடிக்கலை சாமி."

அம்பலவாணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ நம்புற மாதிரி ஒரு அழுகை வேணும். கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனையோ விதமாப் பார்த்துட்டேன். சத்தமே இல்லாம, தேம்பித் தேம்பி, தலையில அடிச்சுக்கிட்டு... ஒண்ணும் அமையலை."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சாமி அதைக் கிளறவில்லை.

"அந்தப் பழைய அழுகையை அழுங்க, பார்ப்போம்."

"வேணாம் சாமி."

"அழுங்க."

அம்பலவாணன் கண்ணை மூடினார். மனைவி செண்பகவல்லியை நினைத்தார். எந்நேரம் வீடு திரும்பினாலும் சோற்றைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, இவருடைய வேடிக்கைக்கெல்லாம் சிரிக்காமல், ‘முதல்ல சாப்பிடுங்க’ என்று சொன்ன மனுஷி. மூச்சு உள்ளே போனது. விக்கல் வந்தது. ‘ஐயய்யோ’ பாதியில் உடைந்து கீச்சிட்டது. கன்னமெல்லாம் கண்ணீர் ஓடியது.

சாமி சிரித்துவிட்டார். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

அடப்பாவி மனுஷா, சினிமா பார்க்காத நீயுமா! அம்பலவாணனுக்கு அங்கேயே உயிர் போனால் தேவலை என்றிருந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றார் சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதை யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"யாரும் சொல்லித் தரலை. எங்க அம்மா அழுகை இது. அப்பா செத்தப்ப அவ அழுதது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல அப்படியே செஞ்சு காட்டினேன். ஊரே உருண்டு புரண்டு சிரிச்சுது."

"அம்மா?"

"முன்வரிசையில இருந்தா. அவளும்தான் சிரிச்சா."

"அதுக்கப்புறம் அம்மா எப்படி அழுதாங்க?"

"அதுக்கப்புறமா?" அம்பலவாணன் யோசித்தார். "தம்பி ஒருத்தன் இருந்தான், காய்ச்சல்ல போயிட்டான். அன்னைக்கு... அம்மா அழலையே சாமி. முந்தானையைச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தா. கல்நெஞ்சுக்காரின்னு ஊர்ல பேசினாங்க. நானும்தான் அப்படி நினைச்சேன்."

அந்த முந்தானை எதற்கென்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"உங்க பொண்ணு அன்னைக்கு எப்படி அழுதா?" என்று கேட்டார் சாமி.

சிரித்தவன் ஒவ்வொருவனும் நின்ற இடம் அம்பலவாணனுக்கு நினைவிருந்தது. எவன் சட்டை என்ன நிறம் என்றுகூடச் சொல்லியிருப்பார். அந்த ஒரு கேள்வி கேட்ட மகள் அதற்கு முன்னால் எங்கே நின்றாள், பின்னால் எங்கே போனாள், அழுதாளா என்று எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

"தெரியலை சாமி. நான் பார்க்கலை."

"போய்க் கேளுங்க."

"சொல்லுவாளா?"

"சொல்ல மாட்டா" என்றார் சாமி. "ஆனா அப்பா கேட்டாருன்னு அவளுக்கு இருக்கும். கேளுங்க."