மயிரிழை இடுக்கில்லாத கதவு

ஏழெட்டுத் தெரு தள்ளி ஒரு கடைவீதி, அந்தக் கடைவீதியிலே தர்மலிங்கம் என்று ஒரு ஜவுளி முதலாளி இருந்தார். அவர் கடையின் நிலவறைக்கு நடைபாதையில்தான் வாசல், அது ஒன்றே வழி. அதற்கு மேலே படுக்கைவாக்கில் மூடுகிற இரும்புக் கதவு போட வந்த வெல்டர் மாயழகுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

முதல் கதவில் கீல் துருத்துகிறது என்றார். தரையோடு தரையாக இன்னொன்று செய்தான். அதில் ஓரமெல்லாம் இடுக்கு என்றார்.

"இடுக்குக்கு அடியிலே தகரத்துல வாய்க்கால் வச்சிருக்கேன் முதலாளி. விழுற தண்ணி சாக்கடைக்குப் போயிரும். இடுக்கே இல்லேன்னா வெயிலுக்கு இரும்பு உப்பி…"

"எனக்கே பாடமா? மயிரிழை இடுக்கு இருந்தாலும் என் இடத்திலேருந்து பட்டறையைக் காலி பண்ணிரு."

மாயழகு பெருமூச்சு விட்டு, சொன்னபடியே செய்து பொருத்தினான். முதலாளி உள்ளே இறங்கி, "மூடு, வெளிச்சம் தெரியுதான்னு பாக்கிறேன்" என்றார். தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சேலைக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டார். உச்சிவெயிலில் கதவு இறுகிக்கொண்டது.

"டேய் மாயழகு, திறடா."

"கடப்பாரையை நுழைக்க இடுக்கில்லையே முதலாளி."

வீதியே கூடிவிட்டது.

"இடுக்கு வச்சுக்கோப்பா" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு?"

"உன் இஷ்டம்."

"பட்டறை?"

"அங்கேயே இருக்கட்டும், திற."

நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும் இரும்பு குளிர்ந்து கதவு திறந்தது. உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. ஆனாலும் முதலாளி வேர்வையில் தொப்பலாக நனைந்துதான் ஏறி வந்தார். சுவரில் சாய்த்திருந்த இரண்டாவது கதவைப் பார்த்து, "அதையே மாட்டு" என்று முணுமுணுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.