தேயாத கம்பி

தோணி கட்டிய கை கிடார் வேலைக்கு வந்தால் என்ன ஆகும்? காணிக்கைராஜிடம் ஒரு பழக்கம் மட்டும் போகவே இல்லை. ஆணியோ பசையோ, எதைக் கையில் எடுத்தாலும் உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா என்றுதான் முதலில் பார்ப்பார்.

தூத்துக்குடியில் பெர்னதெத்தின் கிடார் பட்டறையில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவளுக்கு அவர் மகள் வயது. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

கிடாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதிந்திருக்கிற சின்ன உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பேர். தந்தியை அவற்றின்மேல் அழுத்தித்தான் சுரம் எடுக்க வேண்டும். பட்டறைச் சுவரில் அந்தக் கம்பிகள் ரகம் ரகமாகத் தொங்கின. நெட்டை, குட்டை, சீக்கிரம் தேய்கிற மெத்து, கெட்டியான எஃகு.

“இதுல எது டீச்சர் நல்ல கம்பி?”

“யாருக்கு அண்ணாச்சி?”

“யாருக்குன்னா? பொதுவாக் கேக்கேன்.”

“பொதுவா யாரும் கிடார் வாசிக்கிறதில்லையே.”

டீச்சர் நழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா என்ற பெண் தன் கிடாரைக் கொண்டுவந்தாள். கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவள். ஃப்ரெட் எல்லாம் தேய்ந்திருந்தது. “நீங்களே பாத்துப் போடுங்க” என்று பெர்னதெத் ஒதுங்கிக்கொண்டாள். அவர் தனியாகச் செய்கிற முதல் வேலை. சுவரில் இருந்ததிலேயே கெட்டியானதை, நெட்டையானதை எடுத்தார். எஃகுக் கம்பி. பழையதைக் கழற்றிக் குப்பை டப்பாவில் போட்டார்.

“இனி ஒன் பேத்தி காலத்துலயும் தேயாது” என்று கொடுத்தனுப்பினார்.

அந்த வாரமே அவள் திரும்பி வந்தாள்.

“சுருதி சேரல மாமா. கொயர் மாஸ்டர் எல்லார் முன்னாடியும் நிறுத்திட்டாரு. வர்ற ஞாயிறு காணிக்கைப் பாட்டுக்கு நான் மட்டும்தான் வாசிக்கணும். அதுலயும் இப்படின்னா வேற ஆளப் போட்டுருவாராம்.”

“என் பேர்ல உள்ள பாட்டுக்கேவா வில்லங்கம்?”

அவள் சிரிக்கவில்லை.

பெர்னதெத் கிடாரை வாங்கி வாசித்தாள். சுத்தமாக இருந்தது. ஜெசிந்தா வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் ஒரு மயிரிழை ஏறி நின்றது. திரும்ப பெர்னதெத் வாசித்தாள். சுத்தம்.

காணிக்கைராஜுக்கு வேடிக்கையாக இருந்தது. அதே கிடார், அதே தந்தி. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

“அப்போ கம்பியில குத்தமில்ல டீச்சர்.”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

“கழட்டின பழைய கம்பி எங்க அண்ணாச்சி?”

“குப்பையில. தேஞ்சதுதானே.”

பெர்னதெத் டப்பாவைத் தாளில் கவிழ்த்து, ஒரு துண்டைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். “தடவிப் பாருங்க.”

நகம் இறங்குகிற அளவுக்குக் குழி.

“எத்தனை வருசக் கிடார்மா இது?”

“போன கிறிஸ்மஸுக்கு வாங்கினது மாமா.”

அவர் மறுபடியும் தடவினார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“ஜெசி, அண்ணாச்சி கையைக் கிடார் கழுத்துன்னு நினைச்சுக்கோ” என்றாள் பெர்னதெத். “ஞாயித்துக்கிழமை. கோயில் நிறைய ஆள். கொயர் மாஸ்டர் ஒன்னையே பாக்காரு. பிடி.”

அவள் பிடித்தாள். தோணிப் பலகை சுமந்த கைதான் அவருடையது, இருந்தும் வலித்தது.

“எம்மா! ஏட்டி, எலும்ப ஒடைச்சிருவ போலயே!”

“சாரி மாமா.” சொன்னாளே தவிர விடவில்லை.

“எதுக்கும்மா இந்தப் பிடி?”

“லேசாப் பிடிச்சா சத்தம் செத்துப் போயிருமோன்னு பயம். எல்லாரும் பாக்கும்போது ரொம்ப.”

அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கிடார் பக்கம் போனார். நெட்டைக் கம்பியில் தந்தியை லேசாக அழுத்தி மீட்டினார். பிறகு அவள் பிடித்த மாதிரியே அழுத்தினார். விரலுக்கும் மரத்துக்கும் நடுவில் இடம் இருந்தது. அந்த இடத்துக்குள் தந்தி இறங்கியது. இறங்க இறங்க இழுபட்டது. சுரம் ஏறியது.

அவர் பெர்னதெத் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், இவள அழுத்தாம வாசிக்கச் சொன்னா என்ன?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள பயத்த விடச் சொல்லவா?”

அவர் சுவரில் இருந்து குட்டைக் கம்பியை எடுத்தார். அதுவும் எஃகு. பெர்னதெத் அதை வாங்கித் திரும்பச் சுவரிலேயே மாட்டிவிட்டு, பக்கத்தில் தொங்கிய மெத்துக் கம்பியைக் கொடுத்தாள். அதுவும் குட்டைதான். ஏனென்று கேட்க அவருக்கு வாய் வந்தது. ஆனால் அதைப் போட்டு முடிக்கிற வேலை கிடந்தது.

ஞாயிறு பூசையில் காணிக்கைராஜ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் பெர்னதெத். ஜெசிந்தா தனியாக எழுந்து நின்றாள். கிடார் கழுத்தை அவள் எப்படிப் பிடித்திருந்தாள் என்று அங்கிருந்தே தெரிந்தது. தன் மணிக்கட்டை அவர் தடவிக்கொண்டார். அவள் வாசித்தாள். விரல் மரத்தில் முட்டி நின்றது, சுரம் அதனதன் இடத்திலேயே இருந்தது. கொயர் மாஸ்டர் ஒருதரம்கூட அவள் பக்கம் திரும்பவில்லை.

கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதும் அவர் மனசு ஆறவில்லை.

“எல்லாம் சரி டீச்சர். ஆனா அது மெத்துக் கம்பி. தேஞ்சிருமே.”

“தேயட்டும் அண்ணாச்சி. எஃகுல அவ பிடி பதியாது, இதுல பதியும். அடுத்த தடவ கழட்டும்போது குப்பையில போட்டுராதீங்க. தடவிப் பாருங்க. குழி ஆழம் குறைஞ்சிருந்தா அவ பயமும் குறைஞ்சிருக்கும். அன்னைக்கு வந்து கேளுங்க, எது நல்ல கம்பின்னு.”