யாரும் முந்தாத கார்

அரிசி ஆலை முதலாளி ஆவுடையப்பன் புது டீசல் கார் வாங்கினார். இன்ஜின் பழகும்வரை விரட்டக்கூடாது என்று கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். ஒரு கல்யாணத்துக்குத் தலைமை தாங்கப் புறப்பட்டவர், டிரைவர் இசக்கியிடம் உறுமினார்.

“ஏலே, மெதுவாத்தான் போகணும். அதுக்காக ஒரு பய நம்மளை முந்தக்கூடாது. முந்தினா உன் வேலை போச்சு!”

“சரி முதலாளி” என்ற இசக்கி, மண்டபத்துக்குக் குறுக்கு வழியான வாய்க்கால் கரையில் காரை இறக்கினான். ஒரே ஒரு வண்டி போகிற அகலம். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

“கத்தட்டும்லே!” என்று முதலாளி மீசையை முறுக்கினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். மாப்பிள்ளையின் அப்பா!

“அண்ணாச்சி, முகூர்த்தம் தப்புது! மாப்பிள்ளை கார் உங்க பின்னாலதான் நிக்கி!”

“லேய், ஒதுக்குடா!”

“ஒதுக்கினா முந்திருவாங்களே முதலாளி. என் வேலை?”

“உன் வேலை எங்கயும் போகாதுலே!”

“ஐயா, நீங்கதான் சாட்சி” என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டு, இசக்கி காரை மதகோரம் கரை அகன்றிருந்த இடத்தில் ஒதுக்கினான். “முதலாளி, புது வண்டியில யாரும் உரசிராம நீங்க இறங்கிக் கை காட்டுங்க.”

பட்டு வேட்டியோடு இறங்கி முதலாளி கை காட்டினார். மாப்பிள்ளை கார் போனது, டவுன் பஸ் போனது, டிராக்டர் போனது. கடைசியாக மொபெட்டில் வந்த இளநீர்க்காரன் முதலாளியின் தோளைத் தட்டினான்.

“வழி விட்டீரே, நல்லா இரும் டிரைவரண்ணே!”